ஆறு மணித் தண்ணீர்

மணி ஆறு பத்து. கால்வாயின் குறுக்கே கிடந்த பலகையில் அவள் முட்டி போட்டு உட்கார்ந்தாள். புட்டியின் கழுத்தில் கயிறு கட்டியிருந்தது. முதல் தடவை முக்கி அலசிக் கொட்டினாள். இரண்டாம் தடவை நிரப்பி, மூடியைத் தண்ணீருக்குள்ளேயே திருகினாள். உள்ளே ஒரு குமிழி தங்கினாலும் கணக்கு தப்பிவிடும்.

"வழுக்கும், பாத்து" என்றார் அவளுடைய கணவர், பின்னால் நின்றபடி.

"பத்தொன்பது வருஷமா வழுக்காத பலகை இன்னிக்கா வழுக்கப் போவுது?"

"பலகைக்கு வயசாகலை. உனக்கு ஆகுது."

ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி நீட்டினார். இரவு ஷிஃப்ட் முடிகிற நேரம். கண் சிவந்திருந்தது. கழிவுநீர் நிலையத்தில் அவரைக் காத்துக்காரர் என்பார்கள். ஊரின் சாக்கடை முழுக்க இங்கேதான் வந்து சேருகிறது. பெரிய தொட்டியில் அதை நிறுத்தி அடியிலிருந்து காற்றை ஊத வேண்டும். காற்று இருந்தால் தொட்டிக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அழுக்கைத் தின்னும். காற்று குறைந்தால் அவை சோர்ந்துவிடும். தெளிந்த தண்ணீர் இந்தக் கால்வாய் வழியே வெளியேறும். ஊதும் இயந்திரம் இரண்டு. புளோயர் ஒன்று, புளோயர் இரண்டு. அவற்றுக்கு எண்ணெய் விடுவது, சூடு பார்ப்பது, போடுவது, நிறுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு.

தண்ணீரைச் சோதிப்பது அவள் பொறுப்பு. வாரத்தில் திங்களும் வியாழனும், காலை ஆறு மணிக்கு. வேலைக்குச் சேர்ந்த அன்று பெரிய கெமிஸ்ட் சொன்ன நேரம் அது. காலையில் எடுத்தால்தான் சாயங்காலத்துக்குள் வேலை முடியும் என்றார். அவள் அதை மாற்றவில்லை.

நிரம்பிய புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். குடிக்கலாம் போலிருந்தது.

அவர் புளோயர் அறைக்குப் போனார். சற்று நேரத்தில் நிலையத்தின் இரைச்சல் பாதியாகத் தணிந்தது. அவள் டீயைக் குடித்து முடித்தாள். அந்தச் சத்தம் தணிந்தால் காலை வேலை முடிந்தது என்று பொருள். அதற்கு மேல் அவள் அதைப் பற்றி யோசித்ததில்லை.

*

இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, பள்ளிக்கூட ஹாலில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. நிலையத்தைப் பெரிதாக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் போயிருந்தது. கூட்டம் போடாமல் அனுமதி கிடைக்காது. மேடையில் அனுமதி அலுவலகத்து அதிகாரி ஒருவர். பக்கத்தில் நிலையத்தின் இன்ஜினியர். எதைக் கேட்டாலும் "இணைப்பு ஒன்பதைப் பாருங்க, இணைப்பு பதினொண்ணைப் பாருங்க" என்பதால் அவருக்கு இணைப்பு சார் என்று பெயர்.

இணைப்பு சார் அவளுடைய எண்களை வாசித்தார். தண்ணீரில் தங்கும் அழுக்குக்கு வரம்பு முப்பது. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட இருபத்திரண்டைத் தாண்டவில்லை.

அவளுடைய அண்ணன் எழுந்தார். கால்வாயில் கீழே ஒரு மைல் தள்ளி அவருக்கு நாற்றுப் பண்ணை. கையில் ஒரு புட்டி.

"இது நேத்து மத்தியானம் பன்னெண்டரைக்குப் பிடிச்சது. மூடியைத் திறக்கட்டுமா? முன்வரிசைல இருக்கவங்க கோச்சுக்கக் கூடாது."

ஹால் சிரித்தது.

"எங்களோடது முறைப்படி எடுத்ததுங்க" என்றார் இணைப்பு சார். "இணைப்பு ஒன்பது."

"முறைப்படி எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியாதா சார்? கூடப் பொறந்தவ. கொய்யாக்கா திருடிட்டு வந்தாலும் எத்தனைன்னு சரியா எண்ணிச் சொல்றவ. அவ பொய் சொல்லமாட்டா. நானும் சொல்லலை. அப்போ இந்தக் கால்வாயில ரெண்டு தண்ணி ஓடுது. அதைத்தான் கேக்கறேன்."

அதிகாரி அவளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

அவள் எழுந்தாள். "நான் எடுத்தது சரியான தண்ணி. இவரு எங்க போய் எடுத்தாருன்னு எனக்குத் தெரியாது."

இந்தத் தடவை ஹால் அவரைப் பார்த்துச் சிரித்தது. அண்ணன் புட்டியைப் பைக்குள் வைத்தார். பையின் வாரைத் தோளில் மாட்டினார். வெளியே போகும்போது அவள் இருந்த வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். தலையைத் திருப்பாமல் போனார்.

*

திங்கள் பத்து மணிக்கு இணைப்பு சார் கூப்பிட்டார்.

"உக்காருங்கம்மா. நம்ம நம்பர் நல்லா இருக்கறதே நமக்கு வினையாப் போச்சு."

அனுமதி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பதினாறு கேள்விகள். பதினான்காவதில் விரலை வைத்தார். தற்போதைய நிலையம் வரம்புக்குள் இயங்குவதாகத் தரவுகள் காட்டும்போது விரிவாக்கத்தின் தேவை என்ன?

"ஒழுங்காப் படிக்கற பையனுக்கு எதுக்கு டியூஷன்னு கேக்கறாங்க."

"என்ன எழுதப் போறீங்க சார்?"

"ஜனத்தொகை பெருகுதுன்னு எழுதுவேன். அது எப்பவும் கைகொடுக்கும். எனக்கு வேண்டியது பதினஞ்சாவது. உங்க கையெழுத்து."

அதோடு ஒரு படிவம் இணைத்திருந்தார்கள். மாதிரிகள் யாவும் நிலையத்தின் வழக்கமான இயக்கத்தின்போது எடுக்கப்பட்டவை என்று, எடுத்தவரே உறுதியளிக்க வேண்டும். இயக்கத்தில் மாற்றம் இருந்திருந்தால் தேதியும் காரணமும் குறிப்பிட வேண்டும். அடுத்த திங்கள் கடைசி நாள்.

"பேனா தரட்டுமா?"

"படிச்சுட்டுப் போடறேன் சார்."

"படிங்க. இதையெல்லாம் படிக்கற ஆள் உலகத்துலேயே நீங்களும் நானும்தான்."

அவள் சுவரைப் பார்த்தாள். புதுக் கட்டடத்தின் வரைபடம் ஒட்டியிருந்தது. புளோயர் கூடத்தில் இரண்டு கட்டங்கள்.

"புதுசுல ரெண்டுதானா?"

"ரெண்டே தாராளம். இப்ப ஒண்ணை ஓட்டியே நமக்குப் பதினெட்டு வருது. ரெண்டாவது அவசரத்துக்குன்னு சும்மா நிக்குது. கரன்டை மிச்சம் பிடிங்கன்னு எப்பவோ போட்ட உத்தரவு. ஒண்ணுலயே இவ்வளவு தெளியுதுன்னா, ஊரு ஒண்ணரை மடங்கு ஆனாலும் புது மெஷின் ரெண்டு போதும். முழுக்க உங்க நம்பரை வெச்சுப் போட்ட கணக்கும்மா இது."

"நம்பர் தப்பா இருந்தா?"

இணைப்பு சார் பேனாவை மூடினார். "என்னம்மா?"

"சும்மாதான் கேக்கறேன்."

"சும்மாகூடக் கேக்காதீங்க. நம்பர் தப்புன்னா மொத்த விண்ணப்பமும் திரும்பி வரும். ஒரு வருஷம், பன்னெண்டு மாசமும், முதல்லேருந்து அளக்கணும். இருபத்தேழு இணைப்பும்மா. இதுக்காக என் கல்யாணத்தையே ரெண்டு தடவை தள்ளிப் போட்டிருக்கேன். பொண்ணு வீட்டுல என்னைப் பாத்தா இணைப்பு ஒன்பது எப்படி இருக்குன்னு விசாரிக்கறாங்க."

*

அன்று மதியம் பன்னிரண்டுக்கு அவள் புட்டியை எடுத்துக்கொண்டு கால்வாய்க்குப் போனாள். அண்ணன் சொன்னது பொய் என்று தனக்குத்தானே காட்டிக்கொள்ளத்தான் போனாள்.

பலகை வெயிலில் கொதித்தது. புடவைத் தலைப்பை மடித்துப் போட்டு அதன் மேல் முட்டி போட்டாள். பத்தொன்பது வருடத்தில் இந்த நேரத்தில் இந்தப் பலகைக்கு வந்ததில்லை. மதியம் அவள் ஆய்வு அறையில் இருப்பாள். அதன் ஜன்னல் மறுபக்கம்.

தண்ணீர், அரிசி களைந்து கொட்டிய கழுநீர் போல ஓடியது. மேலே பழுப்பு நுரை. பலகையின் காலில் மோதிய இடத்தில் மெல்லிய கறுப்பு வால்கள் ஆடின. மூக்கை மூட வேண்டிய நாற்றம் இல்லை. ஆனால் இன்னும் ஒரு மைல் போய், நாற்றுக்குழிகளில் தேங்கினால் இருக்கும்.

முக்கினாள். அலசினாள். கொட்டினாள். மறுபடி முக்கினாள்.

அழுக்கின் அளவைச் சொல்லும் சோதனைக்கு ஐந்து நாள் வேண்டும். புட்டியை மூடி, இருட்டுப் பெட்டியில், சூடு மாறாமல் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் உயிர்கள் எவ்வளவு காற்றைத் தின்று தீர்க்கின்றன என்று ஐந்தாம் நாள் அளப்பார்கள். ஆறு மணிப் புட்டியைக் காலையிலேயே வைத்திருந்தாள். பன்னிரண்டு மணித் தண்ணீரை வேண்டிய அளவுக்கு நல்ல தண்ணீர் கலந்து, இரண்டு புட்டிகளில் ஊற்றிப் பக்கத்தில் வைத்தாள். பேர் எழுதவில்லை. மூடிகளில் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டாள்.

*

அவர்கள் இருந்தது நிலையத்தின் குடியிருப்பில். வேலிக்கு இந்தப் பக்கம் ஆறு வீடுகள், அதில் நான்கு பூட்டிக் கிடந்தன. மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். அவர் காலையில் வந்து ஜன்னலில் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டுத் தூங்குவார். அவள் சத்தம் போடாமல் வேலைக்குக் கிளம்புவாள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது மதியத்துக்கு மேல் ஒரு வேளை.

திங்களும் வியாழனும் அவள் நாலரைக்கு எழுந்திருப்பாள். அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கலகலக்கும். பழைய கட்டடம், விடியற்காலையில் அப்படித்தான் ஆடும் என்று நினைத்திருந்தாள். வருடக்கணக்கில் தம்ளர்களுக்கு நடுவே காகிதம் மடித்துச் செருகி வைத்துக்கொண்டிருந்தாள். மற்ற நாட்களில் ஆறரைக்குத்தான் எழுந்திருப்பாள்.

புதன்கிழமை வேண்டுமென்றே நாலரைக்கு எழுந்தாள். அலமாரி முன்னால் நின்றாள். காகிதங்களை உருவினாள். தம்ளர்கள் அசையவில்லை.

வியாழக்கிழமை நாலரைக்கு அவை கலகலத்தன.

ஆறு பத்துக்குப் பலகையில் முட்டி போட்டாள். அவர் டீ நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு நின்றாள். அவர் உள்ளே போனார். இரைச்சல் பாதியாகத் தணிந்தது. அவள் டீயைக் குடிக்கவில்லை.

பத்து மணிக்கு புளோயர் அறைக்குப் போனாள். பகல் ஷிஃப்ட் ஆள் செய்தித்தாளைத் தலைக்கு மேல் விரித்து வைத்திருந்தார்.

"என்னக்கா, வழி தவறி வந்துட்டீங்க?"

"பதிவேடு பாக்கணும். அனுமதிக்குக் கேட்டிருக்காங்க."

"பாருங்க. உங்க வீட்டுக்காரரு கையெழுத்து முத்து முத்தா இருக்கும். நம்மளுது கோழி கிளறின மாதிரி."

முத்து முத்தாகத்தான் இருந்தது. புளோயர் இரண்டு, சோதனை ஓட்டம், அதிகாலை இரண்டு முதல் ஆறரை வரை. திங்கள். அதே எழுத்தில், வியாழன். அடுத்த பக்கம், திங்கள். வியாழன். அவர் மறைக்கவில்லை. யாரும் புரட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"இந்த ரெண்டு நாள் ஷிஃப்டை மட்டும் மனுஷன் மாத்தவே மாட்டாரு" என்றார் பகல் ஆள். "ஜுரத்தோட வந்து நின்னிருக்காரு. என்ன கணக்கோ."

*

சனிக்கிழமை புட்டிகளைத் திறந்தாள். ஆறு மணித் தண்ணீர் பதினேழு. பன்னிரண்டு மணித் தண்ணீர் எழுபத்தி நான்கு. சோதனை மருந்தின் சொட்டுகளை எண்ணியதில் தவறு இருக்கலாம் என்று கலந்து வைத்திருந்த மற்றொரு புட்டியையும் அளந்தாள். எழுபத்தி மூன்று.

மதியம் அவர் எழுந்து குளித்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். மீந்த இரண்டு மாதிரிகளையும் மேசையில் வைத்தாள்.

"என்ன இது, சாப்பிடற இடத்துல?"

"இது ஆறு மணித் தண்ணி. இது பன்னெண்டு மணித் தண்ணி."

அவர் வாயில் இருந்ததை மென்று முடித்தார்.

"அலமாரில தம்ளரு திங்களும் வியாழனும் மட்டும் ஏன் ஆடுது?" என்று கேட்டாள்.

"பத்தொன்பது வருஷம் கழிச்சுக் கேக்கறியே."

"பதில் சொல்லுங்க."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். கையை மட்டும் கழுவவில்லை.

"நீ சேந்த புதுசு. ஒரு வியாழன் தண்ணி கலங்கலா வந்துச்சு. பெரிய கெமிஸ்ட் உன்னைத் திரும்ப எடு, திரும்ப எடுன்னு சாயங்காலம் வரைக்கும் நிக்க வெச்சான். பாப்பாவுக்கு மூணு மாசம். பக்கத்து வீட்டுல விட்டிருந்தோம். பால் கட்டி, சட்டையெல்லாம் நனைஞ்சு, மேல துண்டைச் சுத்திட்டு வந்த. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"கதவைத் திறந்ததும் நீ அழுதிருந்தா விட்டிருப்பேன். நீ அழலை. குழந்தையை வாங்கிட்டுப் போயி சுவத்தைப் பாத்து உக்காந்துட்ட. அடுத்த தடவை நீ எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டாவதையும் போட்டுவிட்டேன். நாலு மணி நேரம் ரெண்டும் சேந்து ஊதினா, ராத்திரி வர்ற கொஞ்ச அழுக்குக்குத் தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிடும். ஒரே ஒரு நாளைக்குன்னுதான் போட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் திங்கள் வந்துச்சு."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அந்த கெமிஸ்ட் ரிடையராகிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. அப்பவாவது நிறுத்தியிருக்கலாம்ல?"

"நிறுத்தினா நம்பர் குதிக்கும். ஏன் குதிச்சுதுன்னு உன்னைத்தானே கேப்பாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ எழுதியிருப்ப."

அது உண்மை என்பதால் அவளுக்குக் கோபம் வந்தது.

"வருஷா வருஷம் எனக்கு நற்சான்று குடுத்தாங்க. சுத்தமான முடிவுகள்னு. அதைக் கண்ணாடி போட்டு மாட்டினது நீங்க."

"ஆணியும் நான்தான் அடிச்சேன்."

"சிரிக்காதீங்க. என் கூடப் பொறந்தவரை நாலு பேரு முன்னால பொய்யன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. கையில் பருக்கை காய்ந்துகொண்டிருந்தது. அவள் படிவத்தை எடுத்துக் காட்டினாள். அவர் இடது கையால் வாங்கி, தூரமாகப் பிடித்துப் படித்தார்.

"நீ என்ன எழுதப் போற?"

"நீங்க சொல்லுங்க."

"உள்ளதை எழுதினா விசாரணை வைப்பாங்க. இன்னும் பதினாலு மாசம் சர்வீஸ் இருக்கு எனக்கு. முப்பத்தோரு வருஷம் காத்து ஊதிட்டு, கடைசில ஏமாத்துக்காரன்னு வெளில அனுப்புவாங்க. உன்னையும் நம்பமாட்டாங்க. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு இவளுக்குத் தெரியாதாம்னு சிரிப்பாங்க." படிவத்தை மேசையில் வைத்தார். "கையெழுத்தைப் போட்டுடு. புதுசு வந்துட்டா எல்லாம் சரியாயிடும். உங்க அண்ணனுக்கும் நல்ல தண்ணி போவும். பழசை யாரு கிளறப் போறாங்க?"

"புதுசுல ரெண்டு புளோயர்தான்."

"என்ன?"

"ரெண்டு. வரைபடம் பாத்தேன்."

அவர் எழுந்து நின்றார். அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து அவள் அதிகம் கேட்டதில்லை.

"ரெண்டா? ரெண்டை வெச்சு என்ன பண்றது? இப்ப இருக்கற ஊருக்கே மூணு வேணும். ஒண்ணரை மடங்குக்கு நாலு ஓடணும், அஞ்சாவது சும்மா நிக்கணும். மத்தியானம் வந்து அந்தத் தொட்டியை எட்டிப் பாத்தா சின்னக் குழந்தைகூடச் சொல்லும் மூச்சு முட்டுதுன்னு. ரெண்டு போட்டா புதுக் கட்டடத்துலயும் எவனாவது ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்திரிச்சு இதே வேலையைப் பாக்கணும். எந்த மடையன் போட்ட கணக்கு இது?"

"என் கணக்கு" என்றாள் அவள். "நீங்க தெளிய வெச்ச தண்ணில நான் போட்ட கணக்கு."

அவர் கை கழுவப் போனார். குழாயில் தண்ணீர் வெகு நேரம் ஓடியது.

*

ஞாயிறு காலை அவள் அண்ணனின் பண்ணைக்கு நடந்து போனாள். பையில் பன்னிரண்டு மணிப் புட்டி.

கால்வாயை ஒட்டி ஒரு மைல். பாதி வழியில் கரையோரப் புல் கறுத்திருந்தது. பண்ணையில் நிழல்வலைக்குக் கீழே அண்ணன் நாற்றுகளைச் சின்னப் பையிலிருந்து பெரிய பைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அண்ணி மண் சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடை ஒரு கணம் நின்றது, மறுபடி ஓடியது.

"வா" என்றார் அண்ணன். "அந்த வாளியைக் கவுத்துப் போட்டு உக்காரு."

அவள் புட்டியை அவர் முன்னால் வைத்தாள்.

"இது நான் பிடிச்சதுண்ணா. பன்னெண்டு மணிக்கு. எழுபத்தி நாலு இருக்கு."

"எத்தனைக்கு எழுபத்தி நாலு?"

"முப்பதைத் தாண்டக் கூடாது."

அவர் புட்டியைத் தூக்கிப் பார்த்தார். "ஃபெயில்னு சொல்லு. இதை அன்னிக்கு ஹால்ல சொல்லியிருந்தா என்னவாம்?"

"அன்னிக்கு எனக்குத் தெரியாது."

"நானும் வீட்டுல அதையேதான் சொன்னேன். அவளுக்குத் தெரியாதுன்னு. உங்க அண்ணிதான் நம்பலை."

"இப்பவும் முழுசா நம்பலை" என்றாள் அண்ணி. உள்ளே போய் டீ கொண்டு வந்தாள். "ஆறிடும், குடி."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தம்ளர், பதிவேடு, அந்த வியாழக்கிழமை. அண்ணனின் கை நாற்றின் வேரைப் பிடித்தபடி நின்றுவிட்டது.

"மாப்ளையா? கல்யாணத்தன்னிக்குக்கூட என்கிட்ட நாலு வார்த்தை சேந்தாப்பல பேசாத மனுஷன். அவருக்குள்ள இவ்வளவு ஓடியிருக்கா?"

"இவ்வளவும் உங்க தண்ணிலதான் ஓடியிருக்கு" என்றாள் அண்ணி.

"நீ சும்மா இரு." அவர் தங்கையிடம் திரும்பினார். "எழுதினா என்ன ஆவும்?"

"ஒரு வருஷம் திரும்ப அளக்கணும். அப்புறம்தான் அனுமதி."

"அதுவரைக்கும் எனக்கு இதே தண்ணி."

"ஆமா."

"எழுதலைன்னா?"

"சீக்கிரம் கட்டுவாங்க. சின்னதாக் கட்டுவாங்க."

"மாப்ளைக்கு?"

"விசாரணை வரும். பதினாலு மாசம் இருக்கு அவருக்கு."

அண்ணன் நாற்றைப் பையில் நட்டார். சுற்றி மண்ணை அழுத்தினார். அடுத்ததை எடுத்தார். அதையும் நட்டார்.

"அப்போ எழுதாத" என்றார். "நான் பொய்யனாவே இருந்துட்டுப் போறேன். யாரு உண்மை பேசினா யாரு பொய் பேசினான்னு நாத்துக்குத் தெரியவா போவுது?"

"பெரிய தியாகி" என்றாள் அண்ணி. "கையைக் காட்டுங்க அவகிட்ட."

"அதெல்லாம் எதுக்கு?"

"காட்டுங்கன்னா."

அவர் காட்டவில்லை. அண்ணியே அவர் மணிக்கட்டைப் பிடித்து மண்ணைத் துடைத்துத் திருப்பினாள். விரல் இடுக்குகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது. நகக்கண்கள் வீங்கியிருந்தன. மருந்து தடவிய மஞ்சள் கறை.

"இவருக்கு ரெண்டு கை" என்றாள் அண்ணி. "இங்க வேலை செய்யற பொம்பளைங்க ஆறு பேரு. போன மாசம் ஒருத்தி நின்னுட்டா, குழந்தையைத் தொட முடியலைன்னு. நீ உன் நம்பரை எழுது, எழுதாம போ. ஆனா பாக்கலைன்னு இனிமே சொல்லாத."

அவள் டீயைக் குடித்து முடித்து, தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கிளம்பும்போது அண்ணன் கூடவே வாசல் வரை வந்தார்.

"மாப்ளையை ஒரு நாள் இந்தப் பக்கம் வரச் சொல்லு" என்றார். "சும்மா. திட்டமாட்டேன்."

*

சாயங்காலம் அவள் மேசையைத் துடைத்துப் படிவத்தை விரித்தாள். பெயர். பதவி. மாதிரி எடுத்த இடம். மாதிரி எடுத்த நேரம். எழுதினாள். இயக்கத்தில் மாற்றம் இருந்ததா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அங்கே பேனா நின்றது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஷிஃப்டுக்கு இன்னும் நேரம் இருந்தும் மத்தியானமே நிலையத்துக்குப் போனவர் திரும்பி வந்தார். அக்குளில் ஆறு பதிவேடுகள். மேசையில் போட்டார். தூசி எழும்பியது.

"மூணு வருஷத்துது" என்றார். "தேதி தப்பாயிடக் கூடாதுல்ல."

அவள் அவரைப் பார்த்தாள்.

"பகல் ஆளு கேட்டான், பழைய பேப்பர்க்காரனுக்கான்னு. ஆமான்னேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். முதல் பதிவேட்டைத் திறந்தார். "எழுதிக்க."

அவள் 'ஆம்' கட்டத்தில் கோடு போட்டாள்.

அவர் தேதிகளை வாசித்தார். அவள் தனித்தாளில் எழுதினாள். திங்கள், வியாழன், திங்கள், வியாழன். நடுவில் ஒரு தேதியில் நிறுத்தினார்.

"இதுக்குப் பக்கத்துல பாதி நேரம்னு எழுது. அன்னிக்கு நடுவுல ரெண்டாவதோட பெல்ட் அறுந்துபோச்சு. நாலு மணிக்கு மேல ஓடலை."

"அன்னிக்கு இருபத்தி ரெண்டு" என்றாள் அவள். பதிவேட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. "இருக்கறதுலயே அதான் ஜாஸ்தி. நான் புட்டியைச் சரியாக் கழுவலையோன்னு ரெண்டு நாள் மனசு கேக்கலை."

"தெரியும். சோடாக்காரம் போட்டு மொத்தப் புட்டியையும் தேய்ச்ச."

"பாத்துக்கிட்டுதான் இருந்தீங்களா?"

"பெல்ட்டை மாத்திட்டுத்தான் தூங்கினேன்."

மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். மூன்று தாள்கள் நிறைந்தன. விளக்கைப் போட்டார்கள். கடைசிப் பதிவேட்டை மூடியபோது அவர் குரல் கம்மியிருந்தது.

"இன்னிக்கு ராத்திரி ரெண்டாவதைப் போடப் போறதில்லை" என்றார். "நாளைக்குக் காலைல தண்ணி கலங்கித்தான் வரும். பயந்துடாத."

"பயப்படலை."

"தம்ளருக்கு நடுவுல பேப்பர் வேண்டாம் இனிமே."

அவள் தலையசைத்தாள். படிவத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கையெழுத்துக்கு மேலே இன்னும் ஒரு கட்டம் காலியாக இருந்தது. பேனாவின் முனையை அதில் வைத்தாள், எடுத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. ரெண்டு வரிக்குத்தான் இடம். என்னங்க எழுதட்டும்?"